1991 செப்டம்பர் 23, 24: ஒரே வாரத்தில் வந்த ஆல்பங்கள், அவற்றுக்குள் ஓடும் உறவு

வெள்ளிக்கிழமை வந்தால் அந்த வாரம் வெளியான புதிய ஆல்பங்களின் பட்டியலைப் பார்ப்பது பல ஆண்டுகளாக என் வழக்கம். பெரிய நிறுவனங்களின் வெளியீடுகளை ஒதுக்கிவிட்டு, சிறு லேபிள்கள், அதாவது சிறிய இசைத்தட்டு வெளியீட்டு நிறுவனங்கள், கொண்டுவரும் இன்டீ, ஆல்டர்நேட்டிவ் ஆல்பங்களை முதலில் குறித்துக்கொண்டு, சனி ஞாயிறில் ஒவ்வொன்றாகக் கேட்பேன். உலகம் முழுவதற்கும் வெள்ளிக்கிழமை என்ற ஏற்பாடு 2015 ஜூலை 10ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு பிரிட்டனில் திங்கட்கிழமையும் அமெரிக்காவில் செவ்வாய்க்கிழமையும் புதிய இசைத்தட்டுகள் கடைக்கு வந்தன. அப்படி வந்த ஒரு திங்களையும் செவ்வாயையும் பற்றித்தான் இந்தப் பதிவில் எழுதுகிறேன்.

1991 செப்டம்பர் 23, திங்கட்கிழமை. பிரிட்டனில் ஃபோர் ஏடி லேபிள் பிக்ஸீஸ் குழுவின் 'ட்ரோம்ப் லெ மோந்த்' ஆல்பத்தையும், க்ரியேஷன் லேபிள் ப்ரைமல் ஸ்க்ரீம் குழுவின் 'ஸ்க்ரீமடெலிகா'வையும் வெளியிட்டன. மறுநாள் அமெரிக்காவில் நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்', எ ட்ரைப் கால்ட் க்வெஸ்ட் குழுவின் 'த லோ எண்ட் தியரி', ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவின் 'ப்ளட் ஷுகர் செக்ஸ் மேஜிக்' ஆகியவை வந்தன. இந்த வாரத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் நெவர்மைண்டை நடுவில் நிறுத்தி, மற்றவற்றை அன்றைக்குத் தற்செயலாக வந்தவையாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இவற்றில் மூன்று ஆல்பங்கள் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. பத்து ஆண்டுகளாகச் சிறு லேபிள்கள் கட்டி வளர்த்த ஒரே வலைப்பின்னலிலிருந்து வந்தவை. அந்த உறவை அறியாமல் நெவர்மைண்டை மட்டும் கேட்பவருக்கு, அது ஆகாயத்திலிருந்து விழுந்ததைப் போலத் தோன்றும்.

முதலில் பிக்ஸீஸ். இந்த வாரத்தின் ஆல்பங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். பாஸ்டன் நகரில் 1986இல் உருவான இந்தக் குழு, சொந்த நாட்டில் பெரிதாகக் கவனிக்கப்படாமல், லண்டனில் ஐவோ வாட்ஸ்-ரஸ்ஸல் நடத்திய ஃபோர் ஏடி லேபிளின் வழியாகவே உலகுக்குத் தெரியவந்தது. 1987 முதல் ஆண்டுக்கு ஒரு வெளியீடு என்ற வேகத்தில் இயங்கி, 1991இல் இந்த ஆல்பத்தில் வந்து நின்றது. பதினைந்து பாடல்கள், மொத்தம் நாற்பது நிமிடங்களுக்கும் குறைவு. ஒவ்வொரு பாடலும் சொல்லவந்ததைச் சொல்லியதும் சட்டென்று முடிந்து, அடுத்தது தலைதெறிக்கத் தொடங்கிவிடுகிறது. பாடுபொருளும் வழக்கமான காதலோ சோகமோ அல்ல. ஈஃபில் கோபுரத்தைக் கட்டிய பொறியாளர், செவ்வாய்க் கோளின் ஒலிம்பஸ் மான்ஸ் எரிமலை, ரோஸ்வெல்லில் விழுந்ததாகச் சொல்லப்படும் வேற்றுக்கோள் உயிர், குழுவின் பாடகர் பிளாக் ஃப்ரான்சிஸும் கிட்டார் கலைஞர் ஜோயி சாண்டியாகோவும் சந்தித்துக்கொண்ட மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் என்று பாடல்கள் எங்கெங்கோ பாய்கின்றன. கில் நார்ட்டன் தயாரிப்பில், முன்பு கேப்டன் பீஃப்ஹார்ட் என்ற இசைக்கலைஞருடன் வாசித்த எரிக் ட்ரூ ஃபெல்ட்மனின் கீபோர்டும் சேர்ந்துகொண்டதால், முந்தைய ஆல்பங்களைவிட ஒலி கெட்டியாகவும் கனமாகவும் இருக்கிறது.

ஆனால் கேட்கும்போது ஒரு குறை உறுத்தும். பேஸ் கிட்டார் வாசித்த கிம் டீலின் குரல், முந்தைய ஆல்பங்களில் பிளாக் ஃப்ரான்சிஸின் அலறலுக்கு எதிர்முனையாக நின்ற அந்தத் தணிந்த குரல், இங்கே பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது. அவர் முன்னின்று பாடும் பாடல் ஒன்றுகூட இல்லை. குழுவுக்குள் விரிசல் விழுந்திருந்ததை ஆல்பமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. 1993 ஜனவரியில் குழு கலைந்துவிட்டதாக பிளாக் ஃப்ரான்சிஸ் பிபிசி வானொலியில் அறிவித்தார். 2004இல் மீண்டும் மேடையேறிய அவர்கள், அடுத்த முழு ஆல்பத்தைக் கொண்டுவர 2014 ஆனது. ஆகவே 1991இல் வந்த இந்த ஆல்பம்தான் அவர்களுடைய முதல் காலகட்டத்தின் முற்றுப்புள்ளி. பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் அது 7ஆம் இடத்தைப் பிடித்தது. அமெரிக்காவில் எலெக்ட்ரா நிறுவனத்தின் விநியோகம் இருந்தும் 92ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை.

இப்போது உறவுமுறைக்கு வருகிறேன். ட்ரோம்ப் லெ மோந்த் ஆல்பத்தில் 'ஹெட் ஆன்' என்ற பாடல் இருக்கிறது. அது பிக்ஸீஸ் எழுதியதல்ல. ஸ்காட்லாந்தின் த ஜீசஸ் அண்ட் மேரி செயின் குழு 1989இல் வெளியிட்டது. அந்த ஜீசஸ் அண்ட் மேரி செயினின் முதல் சிங்கிளை 1984இல் வெளியிட்டது க்ரியேஷன் லேபிள். அந்தக் குழுவின் முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர் பாபி கில்லெஸ்பி. அவர்தான் ப்ரைமல் ஸ்க்ரீமின் பாடகர். அதாவது, ஒரே திங்கட்கிழமையில் வந்த இரண்டு ஆல்பங்களில், ஒன்றின் பாடகர் முன்பு டிரம்ஸ் வாசித்த குழுவின் பாடலை மற்றொன்று எடுத்துப் பாடியிருக்கிறது. மறுநாள் வந்த நெவர்மைண்டுக்கும் பிக்ஸீஸுக்கும் உள்ள உறவு இதைவிட நெருக்கமானது. 1994 ஜனவரியில் ரோலிங் ஸ்டோன் இதழில் வெளியான நேர்காணலில், நெவர்மைண்டில் உள்ள 'ஸ்மெல்ஸ் லைக் டீன் ஸ்பிரிட்' பாடலை எழுதும்போது தாம் பிக்ஸீஸைப் பிரதியெடுக்கத்தான் முயன்றதாக நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபைன் வெளிப்படையாகச் சொன்னார். மெதுவாகத் தொடங்கி, பல்லவியில் இடிபோல முழங்கி, மீண்டும் அடங்கும் அந்த அமைப்பு பிக்ஸீஸிடமிருந்து வந்தது. பிக்ஸீஸின் 1988ஆம் ஆண்டு ஆல்பமான 'சர்ஃபர் ரோசா'வை ஒலிப்பதிவு செய்த ஸ்டீவ் அல்பீனியைத்தான் நிர்வாணா தங்கள் அடுத்த ஆல்பத்துக்கு 1993இல் அழைத்துக்கொண்டது.

ஆசிரியர் இடத்தில் இருந்த குழுவின் ஆல்பமும், அதைக் கேட்டு வளர்ந்த குழுவின் ஆல்பமும் ஒரு நாள் இடைவெளியில் வெளிவந்தன என்பதுதான் இந்த வாரத்தைப் பற்றி என்னை மீண்டும் மீண்டும் யோசிக்கவைக்கும் செய்தி. மாணவனுக்கு மாபெரும் வெற்றி கிடைத்தது. ஆசிரியர் குழு ஒன்றரை ஆண்டுக்குள் கலைந்துபோனது.

ஸ்க்ரீமடெலிகாவின் கதை வேறு வகையானது. ப்ரைமல் ஸ்க்ரீமின் 1989ஆம் ஆண்டு ஆல்பம் பழைய பாணி ராக் அண்ட் ரோல். பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. அதில் இருந்த ஒரு மெதுவான பாடலை, நடன விடுதிகளில் இசைத்தட்டு வாசித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ வெதரால் என்பவரிடம் ரீமிக்ஸ் செய்யக் கொடுத்தார்கள். வெதரால் அதுவரை பெரிய ஸ்டூடியோ அனுபவம் இல்லாதவர், சிறுபத்திரிகையில் எழுதியவர். அவருடைய முதல் முயற்சி மூலப் பாடலுக்கு மிகவும் மரியாதை காட்டியது. கிட்டார் கலைஞர் ஆண்ட்ரூ இன்னெஸ் அதைக் கேட்டுவிட்டு, தயங்காமல் பாட்டை உடைத்து நொறுக்கும்படி சொல்லிவிட்டார். வெதரால் அப்படியே செய்தார். பாடகரின் குரலையே ஏறத்தாழ முழுவதுமாக எடுத்துவிட்டு, தொடக்கத்தில் 1966ஆம் ஆண்டுப் படமொன்றிலிருந்து பீட்டர் ஃபோண்டா பேசும் வசனத்தை வைத்து, டிரம்ஸ் சுழற்சி ஒன்றின்மேல் மூலப் பாடலின் கடைசிப் பகுதியில் இருந்த கிட்டாரையும் ஊதுகருவிகளையும் மட்டும் மிதக்கவிட்டார். 'லோடட்' என்ற பெயரில் 1990 பிப்ரவரியில் வந்த அது பிரிட்டனில் 16ஆம் இடத்துக்கு ஏறியது. ஆல்பத்தின் திசை அங்கேதான் தீர்மானமானது.

ஒரு ராக் குழு தன் பாடலைத் தானே அடையாளம் காண முடியாத அளவுக்கு மற்றொருவர் மாற்றியமைக்க அனுமதித்து, அந்த மாற்றத்தையே தன் புதிய அடையாளமாக ஏற்றுக்கொள்வது எளிதில் நடக்கும் காரியம் அல்ல. பெரிய நிறுவனத்தில் இருந்திருந்தால், விற்காத ஓர் ஆல்பத்துக்குப் பிறகு இவ்வளவு தூரம் போகவிட்டிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். க்ரியேஷனை நடத்திய ஆலன் மெக்கீ தாமே அந்த நடன விடுதிகளில் திளைத்துக்கொண்டிருந்தவர் என்பதால் தடுக்கவில்லை. ஆல்பத்தின் பெரும்பகுதி வெதராலின் கைவண்ணம். 'ஹையர் தேன் த சன்' பாடலை த ஆர்ப் குழுவினர் வார்த்தார்கள். அதன் டப் வடிவத்தில் ஜா வாபிளின் பேஸ் கிட்டார் தரையை அதிரவைக்கிறது. முதல் பாடலான 'மூவின் ஆன் அப்', ரோலிங் ஸ்டோன்ஸின் புகழ்பெற்ற ஆல்பங்களைத் தயாரித்த ஜிம்மி மில்லரின் தயாரிப்பு. 'டோன்ட் ஃபைட் இட், ஃபீல் இட்' பாடலில் கில்லெஸ்பி ஒதுங்கிக்கொள்ள, டெனிஸ் ஜான்சன் பாடுகிறார். இந்தப் பெண்மணியின் குரல்தான் ஆல்பத்தின் உச்சம் என்பேன். ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்காக பிரிட்டனில் 1992இல் முதன்முறையாக வழங்கப்பட்ட மெர்குரி பரிசு இந்த ஆல்பத்துக்குக் கிடைத்தது. பால் கேனல் வரைந்த அதன் அட்டைச் சூரியன் 2010இல் பிரிட்டிஷ் அஞ்சல் தலையிலும் இடம்பெற்றது. வெதராலும் டெனிஸ் ஜான்சனும் 2020ஆம் ஆண்டில், சில மாத இடைவெளியில் மறைந்தார்கள்.

நெவர்மைண்டைப் பற்றி எழுதாதவர் இல்லை. ஆகவே அதன் புகழைப் பாடாமல், ஒலிப்பதிவில் நடந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1991 மே, ஜூனில் லாஸ் ஏஞ்சலஸின் வேன் நைஸ் பகுதியிலிருந்த சவுண்ட் சிட்டி ஸ்டூடியோவில், புட்ச் விக் தயாரிப்பில் பதிவு நடந்தது. கடைசிப் பாடலான 'சம்திங் இன் த வே'யை முழுக் குழுவும் சேர்ந்து வாசித்தபோது சரியாக வரவில்லை. கோபைன் ஒலிப்பதிவாளர் அறைக்குள் வந்து, அங்கிருந்த சோபாவில் படுத்துக்கொண்டு, பாடல் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுவதற்காக, காதில் விழுந்தும் விழாத குரலில் பாடிக் கிட்டாரை மீட்டினார். விக் உடனே குளிர்சாதனத்தை நிறுத்தி, தொலைபேசி இணைப்பைப் பிடுங்கிவிட்டு, அந்த அறையிலேயே மைக்கை வைத்துப் பதிவு செய்தார். பேஸும் டிரம்ஸும் செல்லோவும் அதன்மேல் பிறகு சேர்க்கப்பட்டன. படுத்தபடி பாடிய அந்தக் குரலோடு இசைந்து டிரம்ஸ் வாசிப்பது, எதையும் ஓங்கி அடித்துப் பழகிய டேவ் க்ரோலுக்குக் கடினமாக இருந்தது. ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள்; கிட்டாரின் தந்தி சுருதியிலிருந்து சற்றே விலகியிருப்பதும், அந்த விலகலோடு செல்லோ ஒத்துப்போகப் பாடுபடுவதும் தெளிவாகக் கேட்கும். ஆண்டி வாலஸின் ஒலிக்கலவையால் பளபளப்பாகிவிட்ட ஆல்பத்தில், சிறு லேபிள் காலத்து நிர்வாணா மிச்சமிருப்பது இந்தப் பாடலில்தான்.

அந்தக் காலம் அவ்வளவு தொலைவில் இல்லை. 1989இல் சியாட்டிலின் சப் பாப் லேபிளில் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் ஒலிப்பதிவுச் செலவு 606 டாலர் 17 சென்ட். சப் பாப் அப்போது கடனில் தத்தளித்துக்கொண்டிருந்தது. குழு கெஃபன் நிறுவனத்தின் டிஜிசி லேபிளுக்குப் போனபோது, சப் பாப்புக்கு 75,000 டாலரும், விற்பனையில் ஒரு சிறு பங்கும், அட்டையில் அதன் சின்னமும் தருவதாக ஒப்பந்தமானது. அந்தச் சிறு பங்குதான் பின்னாளில் சப் பாப்பைத் தூக்கி நிறுத்தியது. டிஜிசிக்கும் பெரிய எதிர்பார்ப்பு இல்லை. அமெரிக்கக் கடைகளுக்கு முதலில் அனுப்பியவை 46,251 பிரதிகள். முதல் வாரத்தில் அது அமெரிக்காவின் விற்பனைப் பட்டியலான பில்போர்டு பட்டியலில் 144ஆம் இடத்தில் நுழைந்தது. 1992 ஜனவரி 11ஆம் தேதிப் பட்டியலில் மைக்கேல் ஜாக்சனின் 'டேஞ்சரஸ்' ஆல்பத்தை இறக்கிவிட்டு முதலிடத்துக்கு வந்தது.

இந்த ஏற்றத்துக்குப் பாடல்கள் மட்டும் காரணம் அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். அதுவரை பில்போர்டு பட்டியல், கடைக்காரர்களைத் தொலைபேசியில் கேட்டு, அவர்கள் சொல்லும் வரிசையை வைத்துத் தயாரானது. எது நன்றாக விற்க வேண்டும் என்று கடைக்காரரோ நிறுவனப் பிரதிநிதியோ விரும்பினாரோ, அது மேலே போவதற்கு அந்த முறையில் இடம் இருந்தது. 1991 மே 25ஆம் தேதிப் பட்டியலிலிருந்து, பணம் செலுத்துமிடத்தில் பார்கோடு வழியாகப் பதிவாகும் உண்மையான விற்பனையை சவுண்ட்ஸ்கேன் என்ற அமைப்பு கணக்கிடத் தொடங்கியது. உடனே ராப், கன்ட்ரி ஆல்பங்கள் மேலே எழுந்தன. நிர்வாணா வந்தது நான்கு மாதங்கள் கழித்து. பதின்வயதினர் என்ன வாங்குகிறார்கள் என்பதைக் கணக்கு மறைக்க முடியாத நிலை வந்த பிறகே இந்த ஆல்பம் கடைக்கு வந்தது என்பதை, அதன் வெற்றியை அற்புதமாகச் சித்திரிப்பவர்கள் கவனிப்பதில்லை.

த லோ எண்ட் தியரியை ராக் ரசிகர்கள் இந்தப் பேச்சில் சேர்ப்பதில்லை, நான் சேர்ப்பேன். நியூயார்க்கின் க்யூ-டிப், ஃபைஃப் டாக், அலி ஷஹீத் முகம்மது மூவரும் ஜாஸ் இசைத்தட்டுகளிலிருந்து எடுத்த பேஸ் ஒலிகளை அடித்தளமாக்கி, ஆரவாரம் ஏதுமின்றி, பேச்சின் இயல்பான ஓட்டத்திலேயே ராப் செய்தார்கள். ஒரு பாடலில் சாம்பிள் போதாதென்று, ஜாஸ் உலகின் முதுபெரும் டபுள் பேஸ் கலைஞர் ரான் கார்ட்டரையே அழைத்து வாசிக்கவைத்தார்கள். 'செக் த ரைம்' பாடலில், இசைத்தட்டு நிறுவனத்தாரை நம்பக்கூடாது என்பதைத் தொழில்விதி 4080 என்று எண் கொடுத்து க்யூ-டிப் சொல்லிவைத்திருக்கிறார். அந்த வாரம் வெளியான எல்லா ஆல்பங்களுக்கும் பொருந்தும் எச்சரிக்கை அது. ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் ஆல்பம் ரிக் ரூபின் தயாரிப்பில் வார்னர் நிறுவனம் வெளியிட்டது. அதில் நல்ல பாடல்கள் உண்டு, ஆனால் நான் பேசும் வலைப்பின்னலோடு அதற்குத் தொடர்பு குறைவு.

அந்த வலைப்பின்னல் எப்படி இயங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 1980 ஜனவரியிலிருந்து இன்டீ இசைத்தட்டுகளுக்குத் தனிப் பட்டியல் இருந்தது. அதில் இடம்பெற ஒரே விதி, பெரிய நிறுவனங்களின் விநியோகத்தைச் சாராமல் கடைக்குப் போயிருக்க வேண்டும் என்பது. இசையின் பாணியைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை. இதனால் எண்பதுகளின் இறுதியில் கைலி மினோக்கின் பாப் பாடல்கள்கூட அதில் முன்னணியில் நின்றன. முக்கியமானது விநியோகம்தான்: லண்டனின் ரஃப் ட்ரேட் நிறுவனமும், வட்டார விநியோகஸ்தர்கள் சேர்ந்து அமைத்த கார்ட்டெல் என்ற கூட்டமைப்பும், எந்த ஊரின் சிறு கடைக்கும் சிறு லேபிளின் இசைத்தட்டைக் கொண்டுசேர்த்தன. அமெரிக்காவில் இதே பணியைக் கல்லூரி வானொலிகளும், கையால் தயாரித்த சிறுபத்திரிகைகளும், வேனில் ஊர் ஊராகப் போய் வாசித்த குழுக்களும் செய்தன.

1991 அந்த வலைப்பின்னல் வென்ற ஆண்டு என்று எழுதுவது எளிது. அதே ஆண்டில்தான் ரஃப் ட்ரேட் விநியோக நிறுவனம் நொடித்துப்போய், வரவேண்டிய பணம் வராமல் பல லேபிள்கள் தவித்தன. ஸ்க்ரீமடெலிகாவுக்கு அடுத்து, 1991 நவம்பரில் மை ப்ளடி வேலண்டைன் குழுவின் 'லவ்லெஸ்' ஆல்பத்தையும் வெளியிட்ட க்ரியேஷன், அதன் நீண்ட ஒலிப்பதிவுச் செலவில் சிக்கித் திணறியது. 1992இல் ஆலன் மெக்கீ லேபிளின் ஏறத்தாழ பாதியை சோனி நிறுவனத்துக்கு விற்றார். சப் பாப் 1995இல் 49 விழுக்காட்டை வார்னருக்கு விற்றது. ஃபோர் ஏடி மட்டும் பெக்கர்ஸ் குழுமத்தின் கீழ் இன்றுவரை சுயேச்சையாக நிற்கிறது. இவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. சம்பளம் கொடுக்கவும் அச்சகத்துக்குப் பணம் கட்டவும் வழியில்லாத நிலையில் அவர்கள் எடுத்த முடிவுகள் அவை. ஆனால் வெற்றியின் பெரும்பங்கு வளர்த்தவர்களுக்குப் போகாமல், கடைசியில் வாங்கியவர்களுக்குப் போனது என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

இந்த ஆல்பங்களைப் புதிதாகக் கேட்கப்போகும் நண்பர்களுக்கு என் பரிந்துரை, நெவர்மைண்டிலிருந்து தொடங்க வேண்டாம் என்பதே. முதலில் ட்ரோம்ப் லெ மோந்த்தை, 'ப்ளானெட் ஆஃப் சவுண்ட்' பாடலுக்காகவாவது, ஒலியைக் கூட்டிவைத்து ஒரே மூச்சில் கேளுங்கள். அடுத்து ஸ்க்ரீமடெலிகா, ஒரு மணி நேரத்துக்கும் மேலே ஓடும் அதை இரவில், நல்ல ஹெட்போனில் கேட்பது உத்தமம். அதன்பின் நெவர்மைண்டுக்கு வந்தால், 'லித்தியம்' பாடலில் குரல் அடங்கிப் பின் வெடிக்கும் இடம் எந்த வீட்டிலிருந்து வந்தது என்பது யாரும் சொல்லாமலே பிடிபட்டுவிடும். த லோ எண்ட் தியரியை மட்டும் தனியாக, பேஸ் நன்றாக எடுபடும் ஸ்பீக்கரில் கேளுங்கள். செல்பேசியின் ஸ்பீக்கரில் கேட்டால் ரான் கார்ட்டர் வாசித்தது பாதிக்குமேல் காணாமல் போய்விடும்.